இல்லாத ராஜாவுக்கு அப்பா யார்?

ஒரு ராஜா. அவர் பெயர் கில்-கலாட். கடலோரத்தில் அவருடைய ராஜ்யம். ஈட்டியைக் கையில் எடுத்தால் எதிரிகள் நடுங்குவார்கள். கொடியவன் ஒருவனோடு போர் செய்தார். அந்தப் போரிலேயே மாண்டார்.

இப்படி ஒரு ராஜா உலகத்தில் எந்த நாட்டையும் ஆளவில்லை. அவர் பிறக்கவே இல்லை. இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் எழுதிய கதையில் வருகிறவர் அவர்.

ஆனாலும், அவருக்கு அப்பா யார் என்பதில் பெரிய தகராறு!

"பிங்கன்தான் அப்பா" என்கிறது ஒரு கட்சி. "இல்லை, ஒரோடிரெத்" என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் புத்தகச் சாட்சி இருக்கிறது. பக்க எண்ணோடு எடுத்துக் காட்டுகிறார்கள். படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இந்த வழக்கில் மும்முரமாக வாதாடுகிறார்கள்.

"வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலை" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கர்ணன் பெரியவனா, அர்ச்சுனன் பெரியவனா என்று விடிய விடியப் பேசாத திண்ணை நம் ஊரில் உண்டா? கதையில் மனம் பறிகொடுத்தவன் கதையோடு நிற்க மாட்டான். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆயிற்று, ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டே போவான்.

ஆனால், இந்த இங்கிலீஷ் வழக்கில் ஒரு விசேஷம் உண்டு. இதில் முதல் வாதி, கதை எழுதியவரேதான்! சாகும் வரையில் அவர் தன் கதையோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தார். தீர்ப்புச் சொல்லாமலே போனார். பாக்கியை மகன் தலையில் விட்டுவிட்டுப் போனார்.

யார் அவர்?

அவர் பெயர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1892-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் பிறந்தார். நாலு வயதில் அப்பாவை இழந்தார். பன்னிரண்டு வயதில் அம்மாவும் போய்விட்டார். ஒரு பாதிரியார் பொறுப்பேற்றுப் படிக்க வைத்தார்.

பையனுக்கு மொழிகள் மீது பைத்தியம். உள்ள மொழிகள் போதவில்லை. புதிய மொழிகளைத் தானே உண்டாக்கினான். சொல் உண்டாக்கினான். இலக்கணம் உண்டாக்கினான். பின்லாந்து தேசத்து மொழியின் ஓசை பிடித்துப்போய், அந்தச் சாயலில் ஒரு மொழி. வேல்ஸ் மொழியின் சாயலில் இன்னொன்று.

முதல் உலகப் போரில் அவரும் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். 1916-ம் ஆண்டு சாம் நதிக் கரையில் நடந்த பயங்கரமான சண்டையில் இருந்தார். நெருங்கிய நண்பர்கள் இருவர் அந்த ஆண்டிலே மாண்டார்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் தன் மாய உலகத்தின் கதைகளை எழுதத் தொடங்கினார்.

மொழி இருந்தால் அதைப் பேச ஆள் வேண்டும். ஆள் இருந்தால் ஊர் வேண்டும். ஊர் இருந்தால் சரித்திரம் வேண்டும். இப்படித்தான் அந்த உலகம் வளர்ந்தது. முதலில் பேச்சு, பிறகுதான் கதை.

அந்த உலகத்தில் பல சாதி ஜீவன்கள். 'எல்ஃப்' என்பவர்கள் அழகானவர்கள், மூப்பினால் சாகாதவர்கள். கில்-கலாட் ராஜா இந்த இனம். சுரங்கம் தோண்டும் குள்ளர்கள் உண்டு. மனிதர்கள் உண்டு. 'ஹாபிட்' என்று ஓர் இனம். மனிதரில் பாதி உயரம், காலில் ரோமம், சாப்பாட்டுப் பிரியர்கள், வம்பு தும்புக்குப் போகாதவர்கள். இவர்களுக்கெல்லாம் எதிரி 'ஆர்க்'. கொடியவனின் சேனையில் கூட்டம் கூட்டமாக வருகிற கோர உருவங்கள்.

டோல்கீன் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். 1937-ல் 'ஹாபிட்' என்ற புத்தகம் வெளிவந்தது. குழந்தைகள் கதை. நன்றாக விற்றது. இன்னொன்று கேட்டார் பதிப்பாளர். எழுதி முடித்து அச்சில் வரப் பதினேழு ஆண்டு ஆயிற்று! 'மோதிரங்களின் தலைவன்' என்று பொருள்படும் அந்தப் பெரிய கதை, 1954-லும் 1955-லும் மூன்று பாகமாக வந்தது. கதை முடிந்த பிறகும் புத்தகம் முடியவில்லை. ராஜ வம்சங்களின் அட்டவணை, வருஷ வரிசை, பஞ்சாங்கம், எழுத்து முறை என்று பின்னாலே பக்கம் பக்கமாகச் சேர்த்திருந்தார்.

கதவு நீலமா, பச்சையா?

முதல் முதலில் டோல்கீனிடம் குற்றம் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அவருடைய கடைசி மகன் கிறிஸ்டோபர். 1924-ல் பிறந்தவன். அப்போது நாலைந்து வயது இருக்கும்.

இரவில் அப்பா பிள்ளைகளுக்கு ஹாபிட் கதை சொல்லுவார். புத்தகமாக வருவதற்கு முன்னால் நடந்தது இது. ஒருநாள் பையன் குறுக்கிட்டான். போன தடவை பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்களே, இன்றைக்குப் பச்சை என்கிறீர்களே என்று கேட்டான். குள்ளர் தலைவனின் குல்லாவைப் பற்றியும் இப்படியே ஒரு கேள்வி. அன்றைக்குப் பொன், இன்றைக்கு வெள்ளியா?

அப்பாவுக்குக் கோபம் வந்தது. பையனை வைதார். ஆனால், உடனே எழுந்து போய் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்!

அந்தக் குறிப்பில்தான் ஆள் தெரிகிறார். வேறு அப்பாவாக இருந்தால், "கதைதானேடா, தூங்கு" என்று போர்த்திவிட்டிருப்பார். டோல்கீனுக்கு அது வெறும் கதை அல்ல. கதவுக்கு ஒரு நிறம்தான் இருக்க முடியும். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கிறிஸ்டோபர் விமானப் படையில் பயிற்சிக்காகத் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். அப்பா எழுத எழுத, அத்தியாயங்கள் தபாலில் மகனுக்குப் போயின. அந்தச் சமயம், 1944-ல், அப்பா ஒரு கவலையை எழுதினார். கதையில் நிலா சரியாக வரவில்லையாம்! ஒரே சமயத்தில் நாட்டின் ஓர் இடத்தில் உதிக்கிறதாம், இன்னோர் இடத்தில் மறைகிறதாம். உட்கார்ந்து கணக்குப் போட்டுத் திருத்தினார். உலகம் தீப்பற்றி எரிந்த காலத்தில், இல்லாத வானத்து நிலாவுக்கு இந்தக் கவலை!

பில்போ சொன்ன பொய்

அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. 'ஹாபிட்' கதையில் பில்போ என்பவனுக்கு, மலைக் குகையில் ஒரு மாய மோதிரம் கிடைக்கிறது. அணிந்தால் ஆள் மறைந்து போவான். குகையில் இருக்கும் கோல்லம் என்ற விகாரமான பிராணியோடு விடுகதைப் போட்டி நடக்கிறது. 1937-ல் வந்த புத்தகத்தின்படி, போட்டியில் தோற்றால் மோதிரத்தையே பரிசாகத் தருவதாகக் கோல்லம் சொல்லுகிறது. தோற்றபின், மோதிரத்தைக் காணோமே என்று மன்னிப்புக் கேட்டு, வெளியே போக வழியும் காட்டுகிறது.

பிறகு பெரிய கதையை எழுதும்போது மோதிரம் மாறிப் போயிற்று. அது கொடியவன் செய்த மோதிரம். கையில் கிடைத்தவர் மனத்தை அடிமையாக்கும். உயிரை விட்டாலும் மோதிரத்தை விட மாட்டார்கள். அப்படியானால் கோல்லம் எப்படி அதைப் பரிசாகத் தர ஒப்புக்கொண்டது?

பழைய அத்தியாயத்தைத் திருத்தி எழுதிப் பதிப்பாளருக்கு மாதிரிக்காக அனுப்பினார். பதிப்பாளர், அதை 1951-ல் வந்த புதிய பதிப்பில் அச்சிட்டே விட்டார். டோல்கீனே ஆச்சரியப்பட்டார். புதிய கதையில் கோல்லம் மோதிரத்தைத் தருவதாகச் சொல்லவில்லை. பில்போவைக் கொல்ல வருகிறது. திருடன் என்று சபிக்கிறது.

சரி, ஆயிரக்கணக்கானவர்கள் பழைய புத்தகத்தைப் படித்திருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில்?

டோல்கீன் சொன்ன பதில் சாமர்த்தியமானது. பழைய கதை, பில்போ தன் கூட்டாளிகளிடம் சொன்ன பொய்! மோதிரத்துக்குத் தனக்கே உரிமை உண்டு என்று காட்டுவதற்காக அப்படிச் சொன்னான். யோக்கியனான பில்போ ஏன் பொய் சொன்னான்? அப்போதே மோதிரம் அவன் மனத்தைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டது!

தவறு என்று ஒதுக்கியிருக்கலாம். அதைக் கதையின் முக்கியமான சாட்சி ஆக்கினார். பெரிய கதையின் முன்னுரையிலேயே இதை எழுதி வைத்தார். வாதாடுகிற வாசகர்களுக்கு அன்றைக்கே அவர் ஒரு வழி காட்டிவிட்டார் என்று சொல்லலாம். இரண்டு இடம் முரண்பட்டால், "ஆசிரியர் மறந்துவிட்டார்" என்று விடாதே. யார் சொன்னது, ஏன் சொன்னான் என்று கேள்.

ஆனால், எல்லாத் தடவையும் தப்ப முடியவில்லை. வயதான காலத்தில் ஒரு நாள், 'ராஸ்' என்ற ஒரு சொல்லின் வரலாற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். நன்றாகவே எழுதினார். முடித்த பிறகு ஞாபகம் வந்தது. அச்சான புத்தகத்தில் ஒரு தீவின் பெயருக்கு அவரே வேறு விதமாகப் பொருள் சொல்லியிருந்தார்! எழுதியதில் பெரும்பகுதி தேறாது என்று தாளின்மேல் குறித்து வைத்தார். அச்சில் ஏறியது அவருக்குச் சட்டம். தான் இயற்றிய சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டார்.

பூதத்துக்குச் சிறகு உண்டா?

வாசகர்கள் நடத்துகிற வாதங்களில் வேடிக்கையும் உண்டு. நெருப்பும் இருளுமாக ஒரு பூதம் வருகிறது. பெயர் பால்ராக். பாதாளத்தின் மேலே ஒரு பாலம். பாலத்தில் மந்திரவாதிக் கிழவர் அதைத் தடுக்கிறார். அந்தப் பூதத்துக்குச் சிறகு உண்டா, இல்லையா?

முதலில், அதைச் சுற்றியுள்ள நிழல் சிறகு போல விரிந்தது என்று எழுதியிருக்கிறார் டோல்கீன். கொஞ்சம் தள்ளி, சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்கிறார். "முதலில் 'போல' என்று சொல்லிவிட்டார், பின்னால் சொன்னதும் உவமைதான்" என்பது ஒரு கட்சி. "சிறகு என்றால் சிறகுதான்" என்பது மறு கட்சி. சிறகு இருந்தால் பாதாளத்தில் விழுவானேன், பறக்க வேண்டியதுதானே என்று முதல் கட்சி கேட்கிறது. கோழிக்குக் கூடத்தான் சிறகு உண்டு. கிணற்றில் விழுந்தால் பறந்தா வருகிறது?

2001-ல் வந்த சினிமாவில் சிறகு வைத்துவிட்டார்கள். அதனால் வழக்கு முடிந்ததா? இல்லை. சினிமா சாட்சி செல்லாது என்கிறார்கள்!

இது தமாஷ். இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால், ஆர்க்குகளைப் பற்றிய வாதம் தமாஷ் அல்ல.

பிறவியிலேயே கெட்டவனா?

ஆர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள்? இதுதான் கேள்வி.

முதலில், வாலிப வயதில் எழுதியபோது, கொடியவன் பூமிக்குள் இருக்கும் சூட்டிலிருந்தும் சேற்றிலிருந்தும் அவர்களைச் செய்தான் என்று எழுதினார் டோல்கீன். அப்படியானால் அவர்கள் வெறும் சேற்றுப் பொம்மைகள். வெட்டினால் பாவம் இல்லை.

பிறகு மனம் ஒப்பவில்லை. அவர் தெய்வ நம்பிக்கை உள்ளவர், கத்தோலிக்கர். உயிரை உண்டாக்கக் கடவுளால்தான் முடியும், தீயவனால் முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் அவனால் முடியும் என்று முடிவு செய்தார். பெரிய கதையிலும் இதைச் சொல்ல வைத்தார். சரி, அப்படியானால் ஆர்க் என்பது எதைக் கெடுத்துச் செய்தது? எல்ஃப் இனத்தாரைப் பிடித்துக்கொண்டுபோய், சித்திரவதை செய்து, கெடுத்து உண்டாக்கினான் என்று எழுதினார்.

இதில் புதிய சங்கடம் முளைத்தது. எல்ஃப் இனத்துக்கு ஆத்மா உண்டு. அப்படியானால் ஆர்க்குக்கும் ஆத்மா உண்டு. ஆத்மா உள்ளவன் திருந்த முடியாதா? கதாநாயகர்கள் ஆர்க்குகளைக் கொன்று குவிக்கிறார்களே, அது நியாயமா?

கதைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. இரண்டு ஆர்க்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு காட்சி. மேலதிகாரிகளைத் திட்டுகிறார்கள். சண்டை முடிந்தால், எஜமானர்கள் இல்லாத இடமாகப் பார்த்து நழுவிப் போய்ப் பிழைக்கலாம் என்று ஆசைப்படுகிறார்கள். எதிரி ஒருவன் தன் தோழனை நடு வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று எண்ணி, அதை இழிவாகப் பேசுகிறார்கள். தோழனைக் கைவிடுவது தப்பு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

ஆனால் அதே மூச்சில், தங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனைப் பெரிய சிலந்தி பிடித்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தும் காப்பாற்றாமல் வந்த கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தப்பு எது என்று தெரிந்தவன்தான் இந்த ஆள். தனக்கென்று வரும்போது மட்டும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு ஆர்க் மட்டும்தானா ஞாபகம் வரும்?

போர்க்காலத்தில் மகனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், கதையில்தான் ஆர்க்குகள் எல்லாரும் ஒரே பக்கம். நிஜ வாழ்க்கையில் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். இங்கிலாந்து, ஜெர்மனியோடு உயிருக்குப் போராடிய 1944-ம் ஆண்டு அது. எழுதியவரும் முன்னாள் சிப்பாய். படித்த மகனும் சிப்பாய். எதிரி நாட்டான் எல்லோரும் பிறவிக் கெட்டவன் என்று சொல்லுவது அப்போது எவ்வளவு சுலபம்!

1965-ல் ஆடன் என்ற பெரிய கவிஞர் இதே கேள்வியை டோல்கீனிடம் எழுப்பினார். ஓர் இனம் முழுவதும் திருந்தவே முடியாதது என்று சொல்லுவது மதத்துக்கு விரோதம் அல்லவா? அதைத் தீர்மானிக்கும் அளவுக்குத் தனக்கு வேத சாஸ்திரம் தெரியாது என்கிற மாதிரி பதில் எழுதினார் டோல்கீன். ஆனால் கேள்வி அவரை விடவில்லை. கடைசிக் காலத்துக் குறிப்புகளில் மறுபடியும் மறுபடியும் இதற்கே வருகிறார். பேசக் கற்றுக்கொடுத்த மிருகங்களா? கிளி பேசுவது மாதிரியா? எல்ஃப் வேண்டாம், மனிதர்களைக் கெடுத்து உண்டாக்கியதாக வைக்கலாமா? வைத்தால், கதைக் கணக்குப்படி மனிதர் தோன்றுவதற்கு முன்பே ஆர்க்குகள் இருக்கிறார்களே! வருஷ வரிசை முழுவதையும் மாற்ற வேண்டுமே!

ஒன்றும் முடிவாகவில்லை. 1973-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி டோல்கீன் காலமானார்.

இந்த வாதத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ள முடியுமா? ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே கெட்டவர்கள் என்று சொல்லலாமா என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கேள்வி. நேராகக் கேட்டால் அடிதடி ஆகிவிடும். ஆர்க்கை வைத்துக் கேட்டால் நிதானமாக யோசிக்கலாம்.

தபாலில் போகாத கடிதம்

வாசகர்கள் டோல்கீனுக்கு எழுதிய கேள்விகள் ஏராளம். அவரும் சளைக்காமல் பதில் எழுதினார்.

கதையில் டாம் பாம்படில் என்று ஒருவர் வருகிறார். காட்டில் பாடிக்கொண்டு திரிகிறவர். மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது. அவர் யார்? தெய்வமா? மனிதரா? எந்த இனம்? ஓர் எழுத்தாளர் அம்மையாருக்கு 1954-ல் எழுதிய கடிதத்தில், விளங்காத சில விஷயம் எந்தக் காலத்திலும் இருக்கத்தான் வேண்டும். பாம்படில் அப்படி ஒன்று, வேண்டும் என்றே விட்டிருக்கிறேன் என்ற கருத்தில் டோல்கீன் பதில் சொன்னார். அவர் பிள்ளைகள் வைத்து விளையாடிய ஒரு பொம்மைக்கு இட்ட பெயர்தான் பாம்படில்! ஆனால் அந்தப் பதிலோடு யாரும் அடங்கிவிடவில்லை.

அதே ஆண்டில், ஆக்ஸ்போர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை ஒன்றின் மானேஜர் நீண்ட கடிதம் எழுதினார். எல்ஃப் இனத்தார் மாண்டால் மறுபிறவி எடுத்து வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, கடவுள் கையாளாத ஒரு முறையைக் கதாசிரியர் கையாளலாமா என்று கேட்டார். டோல்கீன் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், பல பக்கம் எழுதினார். ஆர்க், பாம்படில், எல்ஃப் கல்யாணம் எல்லாம் வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கடிதம் தபாலில் போகவில்லை. தன்னைத் தானே மிகப் பெரிதாக நினைத்துக்கொள்வது போல் தோன்றியதால் அனுப்பவில்லை என்று அதன்மேலேயே எழுதி வைத்தார். நல்ல வாதியின் லட்சணம் அது. எவ்வளவு மும்முரமாக வாதாடினாலும், நடுவே தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

நிறத் தகராறு

அப்படிச் சிரிக்கத் தெரியாதவர்களும் உண்டு. 2022-ம் ஆண்டு செப்டம்பரில், அமேசான் கம்பெனி டோல்கீன் உலகத்துப் பழைய சரித்திரத்தை டெலிவிஷன் தொடராக வெளியிட்டது. அதில் எல்ஃப் வீரன் ஒருவனாகவும், குள்ளர் இளவரசியாகவும் கறுப்பு நிற நடிகர்கள் நடித்தார்கள்.

ரகளை கிளம்பியது. எல்ஃப் என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று கூச்சல். புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதில் தவறில்லை. எல்ஃப் பலரை வெண்ணிறம் என்று டோல்கீன் வருணித்திருப்பது உண்மை. ஹாபிட்டுகளில் ஒரு கிளையார் மற்றவர்களை விடப் பழுப்பு நிறம் என்று எழுதியிருப்பதும் உண்மை. இரண்டு பக்கமும் பக்க எண்ணைக் காட்டி வாதாடலாம். கதையை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்று குறை சொல்லவும் ரசிகனுக்கு உரிமை உண்டு.

ஆனால் பலர் புத்தகத்தோடு நிற்கவில்லை. அந்த நடிகர்களையே நிறத்தைச் சொல்லி வசை பாடினார்கள், மிரட்டினார்கள். தொடரை எடுத்தவர்கள் அதைக் கண்டித்துப் பகிரங்க அறிக்கை விட வேண்டி வந்தது. பழைய சினிமாவில் ஹாபிட்டுகளாக நடித்தவர்கள் அந்த நடிகர்களுக்கு ஆதரவாக முன்வந்தார்கள்.

இது வாதம் அல்ல. இல்லாத எல்ஃபின் நிறத்துக்காக, இருக்கிற மனிதனை அடிப்பது. அதற்கு டோல்கீன் பெயரைத் துணைக்கு இழுப்பதுதான் இன்னும் மோசம். 1938-ல், இட்லர் ஆட்சி நடந்த ஜெர்மனியில், ஒரு பதிப்பகம் 'ஹாபிட்' கதையை மொழிபெயர்க்க விரும்பியது. ஆசிரியர் ஆரிய வம்சமா என்று எழுதிக் கேட்டது. டோல்கீனுக்கு வந்ததே கோபம்! பதிலுக்கு இரண்டு நகல் எழுதித் தன் பதிப்பாளரிடம் கொடுத்தார். அதில் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆரியம் என்றால் இந்திய, ஈரானிய இனம்; தன் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியவர்கள் இல்லை என்று மொழிப் பேராசிரியர் பாணியிலேயே கிண்டல் செய்தார். யூதரா என்று கேட்பதாக இருந்தால், அந்தத் திறமைசாலிகளின் ரத்தம் தனக்கு இல்லையே என்று வருத்தப்படுவதாகவும் எழுதினார். புத்தகம் விற்றால் பணம் வரும். நாலு பிள்ளைகளின் தகப்பன். இருந்தும் இப்படி எழுதினார். 'ஹாபிட்' ஜெர்மன் மொழியில் வந்தது 1957-ல்தான்.

மகன் செய்த வேலை

அப்பா மாண்டபோது, அந்த உலகத்தின் பழைய சரித்திரம் பாதியும் முக்காலுமாகக் கிடந்தது. ஒரே கதைக்கு ஐந்தாறு நகல். ஒன்றுக்கொன்று ஒத்து வராது. பென்சிலால் எழுதி, அதன்மேல் மையால் எழுதிய தாள்கள். படிக்க முடியாத கையெழுத்து. எல்லாம் கிறிஸ்டோபர் கைக்கு வந்தது. கதவு நீலமா பச்சையா என்று கேட்ட அதே கிறிஸ்டோபர்! அப்போது அவரும் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு, இதில் இறங்கினார்.

1977-ல் 'சில்மரில்லியன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். எங்கும் முரண் இல்லாமல், ஒரே சீராக இருந்தது. அப்படி ஆக்குவதற்காக எங்கெங்கோ இருந்த துண்டுகளை எடுத்துத் தைத்திருந்தார். ஓர் அத்தியாயத்தில் இட்டுக்கட்டவும் நேர்ந்தது.

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புத்தகம் நன்றாக விற்றது. பேரும் கிடைத்தது. கிறிஸ்டோபருக்குத்தான் நிம்மதி இல்லை. அப்பாவின் நகல்களை எல்லாம், அடித்தல் திருத்தலோடு, அப்படியே அச்சிடத் தொடங்கினார். 1983-லிருந்து 1996 வரையில் பன்னிரண்டு பாகம்! எந்த வரி அப்பாவுடையது, எந்த இடத்தில் தான் கை வைத்தார் என்று பார்க்கிற எவருக்கும் வழி திறந்துவிட்டார். எதிர்க்கட்சி வக்கீலுக்குச் சாட்சியத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி.

பதினொன்றாம் பாகத்தில், அந்த இட்டுக்கட்டிய அத்தியாயத்தைப் பற்றி, பதிப்பாசிரியருக்கு உரிய எல்லையைத் தான் தாண்டிவிட்டதாகவும், அப்படித் தாண்டாமலே சமாளித்திருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டாம் பாகத்தில், கில்-கலாட் ராஜா வருகிறார். 1977-ல் அவரைப் பிங்கனின் மகன் என்று அச்சிட்டிருந்தார் கிறிஸ்டோபர். அது அப்பா ஒரு சமயம் நினைத்துப் பார்த்துப் பிறகு கைவிட்ட எண்ணம். கடைசியில் அப்பா எழுதியது வேறு. ஒரோடிரெத்தின் மகன் என்பதே அப்பாவின் கடைசி வார்த்தை என்று கிறிஸ்டோபர் விளக்கினார். ஆனால் அந்தக் கடைசி எண்ணத்துக்கு ஏற்ப மற்றக் கதைகளை அப்பா மாற்றவே இல்லை. ஆகவே, அதையும் புத்தகத்தில் நுழைத்திருக்க முடியாது. அந்த ராஜாவுக்கு அப்பா யார் என்று சொல்லாமலே விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று எழுதினார்.

கிறிஸ்டோபர் 2020-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி காலமானார். 1977-ல் வந்த புத்தகம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதில் இன்றும் கில்-கலாட்டின் அப்பா பிங்கன்தான்.